குருவி ஃபீடர் வாங்கி மூணு மார்கழி ஆச்சு, வாங்கலாமா வேணாமா?

காட்பாடியில வீடு. பின்னாடி ஒரு முருங்கை, ஒரு கருவேப்பிலை, துணிக்கொடி, அவ்ளோதான் தோட்டம். 2022 நவம்பர்ல ஆன்லைன்ல 400 ரூபா குடுத்து பிளாஸ்டிக் ஃபீடர் ஒண்ணு, அதாவது குருவிங்களுக்கு தீனி போட்டு வெக்கற டப்பா, வாங்கி முருங்கைல மாட்டினேன். ரெண்டு வாரம் ஒண்ணும் எட்டிப் பாக்கல, அம்மா வேற "துட்டு ஜாஸ்தியாயிடுச்சாடா உனுக்கு"ன்னு கேட்டுக்கினே இருந்தாங்க.

அப்புறம் சிட்டுக்குருவி ஜோடி ஒண்ணு வந்துச்சு, அதுங்க பின்னாடியே புள்ளிச் சில்லைங்க, நெஞ்சுல மீன் செதில் மாதிரி இருக்குமே அது, வந்தா பத்து பன்னெண்டா கும்பலாத்தான் வரும். தினைதான் சட்டுனு காலியாகும், கம்பு அடுத்தது. பாக்கெட் மிக்ஸ்ல வர்ற சூரியகாந்தி வெதைய ஒரு குருவியும் தொடல, எல்லாம் அணிலுக்குத்தான். ரொம்ப நாள் பொட்டைக் குருவின்னு நெனச்சிக்கினு இருந்தது தூக்கணாங்குருவியாம், ஆணுக்கு அந்த மஞ்சத்தலை கூடு கட்டுற சீசன்லதான், பனிக்காலத்துல அதுவும் பழுப்பாயிடும், அலகு தடிமனா இருக்கறத பாத்துதான் கண்டுபுடிச்சேன்.

பெரிய தலைவலி மழை. ஐப்பசி கார்த்திகைல தினை நனைஞ்சு அடில கட்டியாகி முளையே விட்டுடுது, பூஞ்சை புடிச்சத தின்னா குருவிக்கு நோவு வரும், அதனால கையளவுதான் போடணும், வாரம் ஒருதபா வெந்நீர்ல கழுவி நல்லா காய வெச்சிதான் திரும்ப மாட்டணும். சோம்பேறிங்களுக்கு இது ஆவாது.

குருவி பாட்டு கேக்கலாம்னு வாங்கறவங்க வாங்காதீங்க. நல்லா கத்தற தையல்சிட்டு பூச்சி தின்றது, டப்பா பக்கமே வராது. தேன்சிட்டு முருங்கைப்பூவுக்கு வருமே தவிர தினைய சீண்டாது.

ரெண்டாவது வருஷம் அணில் ஃபீடரோட அடித்தட்டையே கடிச்சி ஓட்டை போட்டுடுச்சு. புதுசு வாங்க மனசு வரல. ஆற்காடு பக்கம் மாமனார் ஊர்ல அறுப்பு முடிஞ்சி கிச்சிலிச் சம்பா கதிர் ஒரு கட்டு குடுத்தாங்க, பழைய வூட்ல எல்லாம் வாசல்ல தொங்கவுடுவாங்களே அதே மாதிரி குஞ்சமா கட்டி தாழ்வாரத்துல மாட்டினேன். மழை படல, கழுவற வேல இல்ல, சில்லைங்க தலைகீழா தொங்கிக்கினு ஒவ்வொரு நெல்லா உரிச்சி தின்னுதுங்க, உமி மட்டும் கீழ கொட்டும், அத அம்மா பெருக்கிக்கினே திட்டுவாங்க.

அந்த 400 ரூபா டப்பால இப்போ துணி க்ளிப் இருக்கு.