பெங்களூரில் வீடு விற்கிறீர்களா? அக்ரிமெண்டில் "நாமினி" என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்

ராமமூர்த்தி நகர், ஹொரமாவு, கே.ஆர்.புரம் பக்கம் சொந்த வீட்டை விற்க நினைக்கும் தமிழ்க் குடும்பங்கள் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். பகலில் வயதானவர்கள் மட்டும் வீட்டில் இருக்கும் குடும்பங்கள் கண்டிப்பாகப் படியுங்கள். எங்கள் வீட்டை விற்றுத் தருகிறேன் என்று வந்த ப்ரோக்கர், எங்களுக்கே தெரியாமல் தானே அதை வாங்கிக் கைமாற்றிவிடப் பார்த்தார். பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருப்பதால் போடவில்லை. பெயர் தெரிந்தும் பெரிய பிரயோஜனம் இல்லை, இதே வேலையைச் செய்கிறவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர்.

அப்பா ஐடிஐ டெலிஃபோன் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் 30க்கு 40 மனை வாங்கி, கீழே எங்களுக்கு, மேலே வாடகைக்கு என்று கட்டினார். பத்திரம் அம்மா பெயரில். அப்பா போன பிறகு, விற்றுவிட்டுத் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் அம்மாவுக்கு ஒரு ஃப்ளாட் வாங்கலாம் என்று முடிவு செய்தோம்.

தெரிந்தவர் மூலமாகத்தான் ப்ரோக்கர் வந்தார். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். அம்மாவுக்குத் திருப்பத்தூர். "நாம தமிழாளுங்கம்மா, வெளியாள் கிட்ட மாட்டிக்காதீங்க, நானும் உங்க பிள்ளை மாதிரிதான்" என்று உட்கார்ந்து காபி குடித்தார். விசிட்டிங் கார்டில் ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் போட்டிருந்தது. கமிஷன் இரண்டு சதவீதம் என்று எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அந்த மெசேஜ்தான் பிற்பாடு எங்களைக் காப்பாற்றியது.

முதல் வேலையாக விலையை இறக்கினார். வீட்டுக்கு ஏ காத்தா, அதாவது விதிப்படி உள்ள சொத்துக்கு மாநகராட்சி தரும் பதிவு, உண்டு; ஆனால் அதன் டிஜிட்டல் வடிவமான இ-காத்தா எடுத்திருக்கவில்லை. 2024 அக்டோபரிலிருந்து இ-காத்தா இல்லாமல் இங்கே பத்திரப் பதிவு நடக்காது என்பது உண்மைதான். அந்த உண்மையை வைத்தே பயமுறுத்தினார். "ஆபீஸ்ல ஆள் இருக்காங்க, நான் பார்த்துக்கறேன்" என்று 60,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். ஆதார், பத்திர எண், வில்லங்கச் சான்று, மின் இணைப்பு எண், வீட்டின் ஃபோட்டோ இவற்றை வைத்து வீட்டுக்காரரே இணையத்தில் விண்ணப்பிக்கிற வேலை அது. அப்புறம், காத்தா சிக்கல் இருக்கிற வீட்டுக்கு ஒண்ணேகால் கோடிக்கு மேல் போகாது என்று அடித்துச் சொன்னார்.

சீக்கிரமே ஓசூர் பார்ட்டி ஒருவர் பேரில் அக்ரிமெண்ட் வந்தது. முழுக்க இங்கிலீஷ். ப்ரோக்கரே பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவுக்குத் தமிழில் விளக்கினார். விலை, அட்வான்ஸ் எல்லாம் சரியாகத்தான் சொன்னார். சொல்லாமல் விட்டது மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: கிரயப் பத்திரத்தை "வாங்குபவர் பெயரிலோ, அவர் குறிப்பிடும் நாமினி பெயரிலோ" எழுதிக் கொடுக்க வேண்டும். கெடு ஆறு மாதம். ஒண்ணேகால் கோடி வீட்டுக்கு அட்வான்ஸ் இரண்டே லட்சம், அதுவும் ரொக்கமாக அம்மா கையில். பேங்க் லோனுக்கு லீகல் ஒபீனியன் வேண்டும் என்று தாய்ப்பத்திரம் உட்பட ஒரிஜினல் எல்லாவற்றையும் ஒரு நீலக் கவரில் போட்டு எடுத்துப் போனார்.

கணக்கு இதுதான். இரண்டு லட்சத்தைப் போட்டு ஆறு மாதத்துக்கு வீட்டைக் கட்டிப்போட்டுவிடுவது. அதற்குள் அசல் வாங்குபவரை அதிக விலைக்குப் பிடித்து, அவரையே "நாமினி" ஆக்கி நேராகப் பத்திரம் செய்வது. விற்பவருக்குப் பேசிய பணம் வந்துவிடும், நடுவில் உள்ள வித்தியாசம் ப்ரோக்கருக்கு. ஆள் கிடைக்காவிட்டால் ஏதாவது காரணம் சொல்லி அட்வான்ஸைத் திரும்பக் கேட்பது. இதில் இரண்டு பக்கமும் கமிஷன் வேறு. வாங்குபவரும் விற்பவரும் நேரில் சந்திக்காத வரைக்கும்தான் இது நடக்கும். "பார்ட்டி பிஸி, நானே எல்லாம் பேசிக்கறேன்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னது அதற்காகத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவன் மனைவி இருவர், ப்ரோக்கர் இல்லாமல் தாங்களாகவே வந்தார்கள். காவேரித் தண்ணீர் எந்தெந்த நாள் வரும், சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) எவ்வளவு பெரிது என்று அம்மாவிடம் கேட்டார்கள். போகும்போது அந்தப் பெண் தயங்கித் தயங்கி, "ஆன்ட்டி, ஒண்ணு அறுபது ரொம்ப அதிகமா இருக்கு, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்" என்றாராம். அம்மா எனக்கு ஃபோன் செய்தபோது குரல் நடுங்கியது. முப்பத்தைந்து லட்சம் வித்தியாசம்! அப்பாவின் ஆயுள் உழைப்பில் அவ்வளவு பெரிய பங்கை, பிள்ளை மாதிரி என்று சொன்ன ஒருவர் எடுத்துக்கொள்ளப் பார்த்தார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

கேட்டதற்கு ப்ரோக்கர் மறுக்கவே இல்லை. "உங்களுக்குப் பேசின காசு வருதில்ல? மீதி என் சாமர்த்தியம்" என்றார். அக்ரிமெண்டை ரத்து செய்யச் சொன்னதும் பேச்சு மாறியது. கோர்ட்டுக்குப் போனால் வீடு வருஷக்கணக்கில் விற்க முடியாமல் கிடக்கும் என்றார். அம்மா ரொக்கம் வாங்கியதை வருமான வரித் துறைக்குச் சொல்வேன் என்றார். இரண்டுமே வெறும் மிரட்டல் கிடையாது. வழக்கில் இருக்கும் வீட்டை யாரும் வாங்க மாட்டார்கள். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது என்பது 2015 முதல் சட்டம்; மீறினால் வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதம். அவர் ரொக்கம் கொடுத்ததே இப்படி ஒரு பிடிக்காகத்தான் என்று நான் நம்புகிறேன்.

வக்கீல் விசாரித்ததில் அந்த "ஓசூர் பார்ட்டி" ப்ரோக்கரின் மச்சான் என்று தெரிந்தது. அதன் பிறகுதான் நிலைமை மாறியது. 1872ஆம் வருஷ இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 215ஆவது பிரிவை வக்கீல் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினார். அந்தப் பிரிவுக்குச் சட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது: தன் சொத்தை விற்கும்படி ஏ சொல்கிறார், பி அதை சி பெயரில் தனக்கே வாங்கிக்கொள்கிறார். முக்கியமான விஷயத்தை பி நாணயமில்லாமல் மறைத்தார் என்றோ, அந்த விற்பனையால் தனக்கு நஷ்டம் என்றோ காட்டினால், ஏ அந்த விற்பனையை ஏற்காமல் தள்ளிவிடலாம். "இது எங்க கதையேதான்" என்றார் அம்மா.

ஆனால் ப்ரோக்கர் எங்கள் ஏஜெண்ட் என்று நாங்கள் காட்ட வேண்டுமே? எழுத்தில் எந்த நியமனமும் இல்லை. அங்கேதான் அந்த இரண்டு சதவீத மெசேஜ் உதவியது: எங்களிடம் கமிஷன் பேசியதே அவர் எங்களுக்காக வேலை செய்தார் என்பதற்கு ஆதாரம். நோட்டீஸ் போனதும் இறங்கி வந்தார். இரண்டு லட்சத்தை பேங்க் மூலமாகத் திருப்பிக் கொடுத்து, மச்சானிடம் ரத்துப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி, ஒரிஜினல்களைப் பெற்றோம். 60,000 திரும்பவில்லை. இ-காத்தாவுக்கு அவர் விண்ணப்பமே போட்டிருக்கவில்லை. அந்தத் தம்பதி அதற்குள் வேறு வீடு வாங்கிவிட்டார்கள்.

ரேரா எண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பலர் அதைப் பார்த்து ஏமாறுகிறார்கள். 2016 ரேரா சட்டத்தின் 9ஆவது பிரிவு, பில்டர் விற்கும் பதிவான திட்டங்களில் வேலை செய்யும் ஏஜெண்டுகளுக்கானது. கர்நாடக ரேரா தளத்தில் எண்ணைத் தட்டிப் பார்த்து, ஆள் அவர்தானா என்று உறுதிப்படுத்தலாம். ஆனால் நம் பழைய தனி வீட்டை மறுவிற்பனை செய்யும்போது அந்தப் பதிவை நம்பி இருக்க முடியாது. நமக்குப் பாதுகாப்பு நாம் எழுதி வாங்கும் காகிதம்தான்.

இப்போது விற்பனையைப் பார்ப்பவர் ஹொரமாவில் சின்ன ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு கன்னடக்காரப் பெண்மணி. அம்மாவுக்குக் கன்னடம் அரைகுறைதான், ஆனாலும் இந்தப் பெண்மணியிடம் நிம்மதியாக இருக்கிறார். ஒரு சதவீதம், கிரயப் பத்திரம் பதிவாகும் அன்று மட்டும் என்று முதல் நாளே லெட்டரில் எழுதிக் கொடுத்தார். தானோ தன் சொந்தக்காரரோ வாங்குவதாக இருந்தால் முன்கூட்டியே எழுத்தில் சொல்ல வேண்டும் என்று நாங்கள் ஒரு வரி சேர்க்கச் சொன்னபோது முகம் சுளிக்கவில்லை. ஜெராக்ஸ் மட்டும் வாங்கிக்கொண்டார். வாங்க வருகிறவர்களை நேராக அம்மாவிடம் கூட்டி வருகிறார், விலையை எங்கள் எதிரிலேயே பேசுகிறார். பக்கத்துத் தெருவில் என்ன விலைக்குப் போனது என்று நாங்களும் தனியாக விசாரித்துக்கொண்டோம். அவர் சொன்னதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஏற்கெனவே இப்படி அக்ரிமெண்ட் போட்டிருப்பவர்கள் முதலில் கெடு தேதியையும் "நாமினி" வரியையும் பாருங்கள். கர்நாடகப் பதிவுத் துறையின் காவேரி இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுத்து, அது பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ப்ரோக்கருடன் நடந்த வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். எங்கள் ரத்துப் பத்திரத்தின் வாசகம் யாருக்காவது தேவைப்பட்டால் கேளுங்கள், பெயர்களை நீக்கிவிட்டு அனுப்புகிறேன்.