மான் தீவன விதைப் பை: கொம்பு படத்தைப் பார்த்துக் காசு கட்டாதீர்கள்

அமெரிக்காவின் பென்சில்வேனியா பக்கம் மான் வேட்டைக்குப் போகிற நம்மவர்களுக்காக இந்தப் பதிவு. எங்கள் பகுதியில் மக்காச்சோளத்தைக் கொட்டி மானை வரவழைத்துச் சுடுவது குற்றம். பயிராக விதைத்து, மேய வருவதைச் சுடத் தடையில்லை. அதனால் ஆகஸ்ட் பிறந்தாலே 'மான் தீவனக் கலவை' வியாபாரம் களைகட்டிவிடும். அப்படி ஒரு பைக்கு 45 டாலர் அழுதேன்.

நண்பருடைய நிலத்தில் அரை ஏக்கர் இருந்தது, டிராக்டர் இல்லை. "உழவே வேண்டாம், தூவினால் போதும். க்ளோவரும் டர்னிப்பும் நிறைந்தது. 5 பவுண்டு பை அரை ஏக்கருக்குத் தாராளம்" என்று ஆன்லைனில் ஒரு வேட்டைச் சாமான் கடை விளம்பரம் போட்டிருந்தது. க்ளோவர் மான் விரும்பி மேயும் ஒரு தீவனச் செடி, டர்னிப் முள்ளங்கி போன்ற கிழங்குச் செடி. முன்பக்கப் படத்தில் கிளை கிளையாகக் கொம்பு வைத்த ஆண் மான். பின்பக்கப் படமே போடவில்லை.

பை வந்த பிறகுதான் அடித்தையலோடு சேர்த்துத் தைத்திருந்த சீட்டு கண்ணில் பட்டது. பொடி எழுத்தில் ரைகிராஸ் (ஒரு வகைப் புல்) 48%, விதையல்லாத பொருள் 36%, க்ளோவர் 9%, டர்னிப் வகை 6%, மிச்சம் களையும் மற்றதும். அந்த 36% என்ன தெரியுமா? விதைமேல் பூசிய சுண்ணாம்பு. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தேன், பச்சைப் பொடியாக உதிர்ந்து, கடுகைவிடச் சின்னதாக ஒரு விதை மிஞ்சியது. 5 பவுண்டில் க்ளோவர் அரை பவுண்டுகூட இல்லை!

முளைத்ததும் புல்தான். ரைகிராஸ் எங்கே போட்டாலும் சட்டென்று பச்சை காட்டும், விலையும் மலிவு. பக்கத்தில் ஓக் மரக் கொட்டை உதிர்ந்து கிடக்கும்போது மான் இந்தப் புல்லைச் சீண்டுமா? விதை உதிர்ந்து அடுத்த வருடம் அதுவே களையாக வேறு நிற்கும்.

கடைக்கு எழுதினால், "உங்கள் மண் சரியில்லை" என்று பதில். பணம் வராது, அடுத்த பைக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி தருவார்களாம். சீட்டில் உள்ளதை உள்ளபடி அச்சடித்திருப்பதால் சீட்டை வைத்துப் பிடிக்க முடியவில்லை. 1939இல் வந்த கூட்டரசு விதைச் சட்டம் அந்தச் சீட்டைக் கேட்கிறது, பொய் விளம்பரத்தையும் தடுக்கிறது, ஆனால் விளம்பரப் படத்துக்குக் கொம்பு எத்தனை என்று அது கேட்பதில்லை.

ஆகவே காசு கட்டும் முன் சீட்டின் போட்டோவைக் கேளுங்கள். முளைப்புத்திறனும் பரிசோதனைத் தேதியும் அதிலேயே இருக்கும். அனுப்பத் தயங்கினால் அந்தக் கடையே வேண்டாம்.

கையில் காசு குறைவென்றால் ஊர்த் தீவனக்கடைக்குப் போய் கோதுமை போன்ற ரை என்ற தானியத்தில் 50 பவுண்டு மூட்டை ஒன்று, தனியாகக் கொஞ்சம் க்ளோவர் விதை வாங்குங்கள். அரை ஏக்கருக்கு அது போதும். ரைகிராஸைத் தலையில் கட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது வேறு. விதை வாங்கும் முன் மண்ணைப் பாருங்கள்: கவுண்டி எக்ஸ்டென்ஷன் அலுவலகத்தில் (வட்டார வேளாண் ஆலோசனை அலுவலகம்) மண் பரிசோதனைப் பை கிடைக்கும், சொற்பக் காசுதான். புளிப்பு மண்ணாக இருந்தால் முதலில் சுண்ணாம்பு போட வேண்டும், இல்லாவிட்டால் க்ளோவர் தேறாது. செப்டம்பர் நடுவுக்குள் விதைப்பது நல்லது. தாமதமாகிவிட்டால் க்ளோவரை விட்டுவிட்டு ரை தானியத்தை மட்டும் அக்டோபர் தொடக்கத்தில்கூடத் தூவலாம்.