மட்டக்களப்பில் வயரிங் பயிற்சி: தம்பி படித்த ஆறு மாதம்

ஓ.எல். (சாதாரண தரப்) பரீட்சை முடித்த தம்பியை டவுனில் ஒரு பயிற்சி நிலையத்தில் வயரிங் படிக்கச் சேர்த்தோம். மாஸ்டர் அருமையான மனிதர். பலகையில் முழு வீட்டு வயரிங்கையும் பொடியன்களின் கையாலேயே செய்ய வைத்து, பிறகு ஒரு இடத்தில் வேண்டுமென்றே பிழை வைத்துவிட்டு, மீட்டரால் தேடிப் பிடிக்கச் சொல்லுவார். 30 மில்லி அம்பியர் கசிவுக்கே ட்ரிப் சுவிட்ச் (மின்சாரம் கசிந்தால் தானாகவே துண்டிக்கும் சுவிட்ச்) ஏன் விழவேண்டும் என்று இப்போது தம்பி அம்மாவுக்கு விளக்குகிறான். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது.

ஆனால் தொழிலிடப் பயிற்சி சரியில்லை. களுவாஞ்சிகுடியில் இருக்கிற தம்பியைக் கல்முனைப் பக்கம் ஒரு இடத்துக்கு அனுப்பினார்கள், அங்கே ஒன்றரை மாதம் சாமான் தூக்கத்தான் விட்டார்கள், நிலையத்திலிருந்து ஒருவரும் வந்து பார்க்கவில்லை. இதை அவர்கள் கட்டாயம் திருத்த வேண்டும்.

சரி, சேருகிறவர்களுக்கு ஒன்று. காசு கட்டும் முன், அந்தப் பாடநெறிக்கு மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் அங்கீகாரம் இருக்கிறதா, என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) எத்தனையாம் மட்டம் என்று கேளுங்கள். 7 மட்டங்களில் 4 வரைதான் சான்றிதழ், 5இலும் 6இலும் டிப்ளோமா. வருடக்கணக்காக வேலை செய்கிற அண்ணாமார் வகுப்புக்குப் போகாமலே, அனுபவத்தைக் காட்டி மதிப்பீட்டுக்கு இருந்தும் இந்த என்.வி.கியூ. தகைமையை எடுக்கலாம்.