டயரிலிருந்து பின்னோக்கி: என் கேஇ70-க்கு டிரைவ்டிரெயின் தேர்ந்தெடுத்த அனுபவம்

என் வண்டி டொயோட்டா கொரோலா கேஇ70. நிசான் சில்வியா எஸ்13 ஹாஃப்கட்டிலிருந்து (பழைய காரை வெட்டி விற்கும் முன்பாதி) எடுத்த எஸ்ஆர்20டிஇடி என்ற 2 லிட்டர் டர்போ இன்ஜினும் அதன் 5 கியர் பாக்ஸும் போட்டிருக்கிறேன். இன்ஜின் மாற்றத்துக்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதியும் புஸ்பாகோம் வாகனச் சோதனையும் முடித்தாயிற்று. சிலாங்கூரில் பத்தாங் பெர்ஜுந்தையில் (இப்போது பெஸ்தாரி ஜெயா) எண்ணெய் ஆலை வேலைக்குப் போவதும் இதில்தான், செப்பாங் பந்தயத் தடத்தில் 201, 402 மீட்டர் ஓடுவதும் இதில்தான். பொது ரோட்டில் போட்டி ஓடுவது 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம், அந்தப் பேச்சுக்கே நான் வரவில்லை. பல வருடமாக ஒரே வண்டியை இரண்டு வேலைக்கும் ஓட்டியதில் டிரைவ்டிரெயினில், அதாவது இன்ஜின் சக்தியைச் சக்கரம் வரை கொண்டுபோகும் பாகங்களில், எது தாங்கியது, எது தாங்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

கடைக்குப் போனால் பேச்சு கிளட்ச்சில்தான் ஆரம்பிக்கும். "தம்பி, செராமிக் போடு, பிடிச்சா விடாது" என்பார்கள். நான் டயரில் ஆரம்பிக்கச் சொல்வேன். இன்ஜின் எவ்வளவு கொடுத்தாலும், தரையில் இறங்குவது டயர் பிடிக்கிற அளவுதான். அந்த அளவு தெரிந்துவிட்டால் மற்ற பாகங்களுக்கு எங்கே பணம் போடலாம், எங்கே வேண்டாம் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

கொஞ்சம் கணக்கு பார்ப்போம். ஸ்டாக் எஸ்ஆர்20டிஇடி 274 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும். எஸ்13 பாக்ஸின் முதல் கியர் 3.321. பின்னால் 3.909 ஃபைனல் (பின் ஆக்சிலில் இருக்கும் கடைசிக் கியர் விகிதம்) இருந்தால் ஆக்சிலுக்கு வருவது ஏறக்குறைய 3,550 நியூட்டன் மீட்டர். என்னையும் சேர்த்து வண்டி 1,050 கிலோ என்று வையுங்கள். கிளம்பும்போது எடை பின்னால் சாய்ந்து, பின் சக்கரங்களில் 650 கிலோ விழுகிறது. நல்ல செமி ஸ்லிக் (ரோட்டிலும் ஓட்டக்கூடிய பந்தய வகை டயர்) தன் மேல் இருக்கிற எடை அளவுக்குத்தான் பிடிக்கும். 225/50 ஆர்15 டயரின் ஆரம் சுமார் 30 சென்டிமீட்டர், ஆக டயர் ஏற்பது 1,900 நியூட்டன் மீட்டர்தான். முதல் கியரில் வருவதில் ஏறக்குறைய பாதி வீண் என்று அர்த்தம். டர்போ அழுத்தத்தைக் கூட்டாமல், ஸ்டாக் பூஸ்ட்டிலேயே இந்தக் கதை.

அதனால்தான் "ஃபைனல் குட்டையாக (எண் பெரிதாக) இருந்தால் வேகமாகக் கிளம்பும்" என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. முதலில் இந்த வண்டியில் இருந்தது ஏஇ86 (இன்னொரு கொரோலா மாடல்) ஆக்சில், 4.3 ஃபைனல். அதில் 7,200 ஆர்பிஎம்மில் மூன்றாம் கியர் 146 கிலோமீட்டர் வேகத்தோடு முடிந்துவிடும். 201 மீட்டர் கோட்டை நான் கடப்பதும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான். கோட்டுக்கு முன்னால் நான்காவது போடுவதா, ஆர்பிஎம் லிமிட்டரில் இடிப்பதா என்று ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரு தடுமாற்றம். 3.909-க்கு மாறியதும் மூன்றாம் கியர் 160 வரை போகிறது. 201 மீட்டரில் ஒரு கியர் மாற்றம் மிச்சம், கிளம்புவதில் இழப்பு எதுவும் இல்லை. லாத்தார் நெடுஞ்சாலையில் 110-இல் ஐந்தாம் கியரில் போகும்போது முன்பு 3,150 ஆர்பிஎம், இப்போது 2,860. காதுக்கும் நல்லது, பெட்ரோலுக்கும் நல்லது. மொத்த வண்டியிலும் நான் செய்த மிகச் சிறந்த மாற்றம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஏஇ86 ஆக்சிலின் கிரவுன் வீல் (உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரம்) 6.7 இஞ்ச். சாதாரண டயரில் பாவம், நன்றாகவே ஓடியது. செமி ஸ்லிக் போட்ட பிறகு ஒருநாள் செப்பாங்கில் பல் உதிர்ந்தது. டயரின் பிடி கூடினால் அடுத்த பலவீனம் வெளியே வரும், வேறொன்றுமில்லை. அப்புறம் ஹைலக்ஸ் ஆக்சிலுக்குப் போனேன். அதன் கிரவுன் வீல் 8 இஞ்ச். கேஇ70-க்கு அது அகலம், ஹவுசிங்கையும் இரண்டு ஷாஃப்ட்டையும் வெட்டிச் சுருக்கி, ஷாஃப்ட் நுனியில் ஸ்ப்லைன் (பற்கோடுகள்) புதிதாகப் போட வேண்டும். ஹைலக்ஸ் பட்டை ஸ்பிரிங் வண்டி என்பதால், ஆக்சிலை நான்கு தண்டுகள் பிடிக்கும் நம் நான்கு லிங்க் அமைப்புக்கு ஏற்ற பிராக்கெட்டையும் வெல்டிங் செய்ய வேண்டும். இந்த வேலையை மட்டும் மலிவாகச் செய்கிறவரிடம் கொடுக்காதீர்கள். வெல்டிங் சூட்டில் ஹவுசிங் ஒரு மயிரிழை வளைந்தாலும் பேரிங் அடிக்கடி போகும். இப்போது பின்னால் ஐந்து நட்டு, முன்னால் நான்கு நட்டு. அதனால் ஸ்பேர் டயர் இரண்டு எடுத்துப் போகிறேன்.

எல்எஸ்டி என்பது ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் டிஃப் (இரண்டு பின் சக்கரங்களுக்கும் சக்தியைப் பங்கிடும் பாகம்). அதற்குப் பதிலாக நம் ஊர்ப் பையன்கள் பலர், இரண்டு சக்கரமும் ஒன்றாகவே சுழலும்படி டிஃப்பை வெல்டிங் செய்துவிடுகிறார்கள். செப்பாங்கில் நேராக ஓடும்போது அது குறை சொல்ல முடியாத வேலை. ஆனால் செம்பனை லோரிகள் செம்மண்ணை ரோட்டில் சிந்திவிட்டுப் போன பிறகு சாயங்கால மழை பிடித்தால், தோட்டத்து வளைவில் அந்த வண்டி எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பள்ளிப் பிள்ளைகள் நடக்கிற ரோடு அது. நான் உரசும் தட்டுகளால் வேலை செய்யும் கிளட்ச் வகை எல்எஸ்டி போட்டேன். தட்டு இல்லாமல் பல்சக்கரங்களால் வேலை செய்யும் ஹெலிகல் வகை ரோட்டுக்கு இன்னும் சொகுசுதான், ஆனால் நம்முடையது ஒரே துண்டு ஆக்சில். கிளம்பும் போது புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் (பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் நீளத் தண்டு) முறுக்கு வலது பின் சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். லேசான சக்கரம் பிடிக்கிற அளவை வைத்துத்தான் ஹெலிகல் மற்ற சக்கரத்துக்குக் கொடுக்கும். கிளட்ச் வகையில் முன்கூட்டியே ஓர் இறுக்கம் இருப்பதால் இரண்டும் சேர்ந்து தள்ளுகின்றன. மெதுவாகத் திரும்பும்போது பின்னால் கட கடவென்று சத்தம் வரும், பயப்பட வேண்டாம். எல்எஸ்டி-க்கென்று வரும் எண்ணெயை மட்டும் ஊற்றுங்கள்.

புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஒரே துண்டு இரும்புக் குழாய், அதன் முனைகளில் வளைந்து கொடுக்கும் பெரிய யூ ஜாயிண்ட். அதைவிட முக்கியம் அதைச் சுற்றிப் போடும் வளையம். முன் ஜாயிண்டிலிருந்து 6 இஞ்சுக்குள், 2 இஞ்ச் அகலம், கால் இஞ்ச் தடிப்புள்ள இரும்பு என்பது அமெரிக்காவின் டிராக் ரேஸ் அமைப்பான என்எச்ஆர்ஏ-வின் விதி, நானும் அதையே பின்பற்றினேன். முன் ஜாயிண்ட் உடைந்தால் ஷாஃப்ட் தரையில் குத்தி வண்டியையே தூக்கிவிடும். ஒருநாள் காலையில் கிளட்ச் விடும்போது "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம். போர்மன் அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்து, ஜாயிண்ட் மூடியை விரலால் தடவிக் காட்டினார். விரலில் காய்ந்த காவி நிறத் தூள். "இது ரேஸ்ல போனது இல்ல தம்பி, தோட்டத்து ரோட்டுத் தண்ணில போனது" என்றார். மூடியைக் கழற்றிப் பார்த்தால் ஊசி பேரிங்குகள் பாதி துருப்பொடி. அதிலிருந்து கிரீஸ் நிப்பிள் உள்ள ஜாயிண்ட்தான் வாங்குகிறேன், மழைக் காலத்தில் மாதாமாதம் கிரீஸ் அடிக்கிறேன்.

கடைசியாகத்தான் கிளட்ச். ஆறு பட்டன் செராமிக் தட்டும் (உரசும் துண்டுகள் ஆறு மட்டும் உள்ளது) ஓட்டிப் பார்த்தேன். டிராக்கில் அருமை. ஆனால் சந்தை நாளில் டேங்கர் லோரிக்குப் பின்னால் அங்குலம் அங்குலமாக நகரும்போது வண்டி முழுக்க உதறும், பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். அதன் முரட்டுப் பிடி முழுவதும் கியர் பல்லில் போய் இடிக்கிறது, எஸ்13 பாக்ஸிலோ மூன்றாம் கியர்தான் முதலில் போகும். இப்போது இருப்பது ஸ்பிரிங் வைத்த ஆர்கானிக் தட்டு (சாதாரணக் கார்களில் வருகிற வகை), அதை அழுத்திப் பிடிக்கும் கொஞ்சம் கனத்த பிரஷர் பிளேட். இன்ஜின் முறுக்குவிசையைவிடக் கால் பங்கு கூடுதலாகத் தாங்கினால் போதும் என்று கணக்குப் போட்டு வாங்கியது. வீட்டு ஃபியூஸ் போலத்தான் இதைப் பார்க்கிறேன்: மிஞ்சினால் முதலில் நழுவ வேண்டியது இது, பாக்ஸ் கிடையாது. இதைவிடக் கனமான பிளேட் போட்டால் பெடலை மிதிக்கும்போதெல்லாம் கிராங்கின் திரஸ்ட் பேரிங்கை அழுத்தித் தேய்க்கும். கிளட்ச் உட்காரும் ஃபிளைவீல் சக்கரமும் ரொம்ப லேசானது வேண்டாம். கிளம்பும் நேரத்தில் அதில் சேர்ந்திருக்கிற சுழற்சிதான் இன்ஜின் விழுந்துவிடாமல் காக்கும், ஜாமிலும் இதமாக நகர உதவும். போடுவது எஃகாக இருக்கட்டும். பழைய வார்ப்பிரும்பு ஃபிளைவீல் உயர்ந்த ஆர்பிஎம்மில் சிதறினால் அது இருப்பது உங்கள் காலுக்குப் பக்கத்தில்.

எண்ணெய் வாங்கும்போது பாக்ஸுக்கும் டிஃப்புக்கும் ஒரே டின் என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். பாக்ஸுக்கு 75டபிள்யூ-90 ஜிஎல்-4, ஏனென்றால் உள்ளே கியர் மாற்றத்தை இதமாக்கும் சின்க்ரோ வளையங்கள் பித்தளை. டிஃப்புக்கு ஜிஎல்-5. ஆக்சில் ஷாஃப்ட்டைப் போடும் முன் அதன் நீளத்துக்கு வெள்ளைப் பெயிண்டில் நேர்கோடு ஒன்று போட்டு வையுங்கள். பிறகு எப்போதாவது வெளியே எடுத்துப் பார்க்கும்போது அந்தக் கோடு திருகியிருந்தால் ஷாஃப்ட் முறுக ஆரம்பித்துவிட்டது, மாற்றிவிடுங்கள். என்னுடையது இன்னும் நேராகத்தான் இருக்கிறது.