மெழுகுவர்த்தி எவ்வளவு நேரம் தாங்கும்? பல வருடப் பயன்பாட்டில் பார்த்தது

2012 மின்வெட்டில் தொற்றிய மெழுகுவர்த்திப் பழக்கம், இன்வெர்ட்டர் வந்த பிறகும் விடவில்லை. மளிகைக் கடை வெள்ளை மெழுகுவர்த்தி, கண்ணாடிக் குவளையில் வரும் வாசனை மெழுகுவர்த்தி, தேன்மெழுகில் செய்தது என்று எங்கள் வீட்டில் எல்லாமே எரிந்திருக்கின்றன. எது அதிக நேரம் நிற்கும் என்று கேட்பவர்களிடம், முதலில் திரியைப் பாருங்கள் என்பேன். மெழுகு அப்புறம்.

சுடரின் சூட்டில் மெழுகு உருகி, திரியின் இழைகள் வழியே மேலேறி, ஆவியான பிறகுதான் எரிகிறது. ஊதி அணைத்ததும் எழும் வெண்புகையில் தீக்குச்சியைக் காட்டுங்கள். திரியைத் தொடாமலே சுடர் தாவிப் பற்றிக்கொள்ளும். விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே லண்டனில் சிறுவர்களுக்கு இதைச் செய்துகாட்டியிருக்கிறார். இன்றைக்கும் பார்க்க அவ்வளவு அழகு!

ஆக, திரி எவ்வளவு இழுத்துக் கொடுக்கிறதோ அவ்வளவுதான் செலவு. தடித்த திரி, நீண்ட திரி என்றால் சுடர் பெரிது, கரியும் அதிகம், சீக்கிரம் தீரும். ஏற்றும் முன் திரியை 5, 6 மில்லிமீட்டர் விட்டு நறுக்கிவிடுவது என் வழக்கம். வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது.

அடுத்தது காற்று. உண்மையில் எங்கள் வீட்டில் அதிக மெழுகைத் தின்றது ஃபேன்தான். சுடர் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்க விளிம்பு கரைந்து, தேங்கியிருந்த மெழுகெல்லாம் வழிந்துவிடுகிறது. அது எரிந்து தீர்ந்ததல்ல, வீணாய்ப் போனது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டை நிறுத்தினாலும், ஒன்றின் சூட்டில் மற்றொன்று இளகி வழியும்.

குவளை மெழுகில் வழிந்து வீணாகும் பிரச்சினை இல்லை. ஆனால் முதல் தடவை மேல்மட்டம் விளிம்புவரை உருகும் முன்பே அணைத்துவிட்டால், நடுவில் மட்டும் குழி விழுந்து, சுற்றிலும் மெழுகு எரியாமல் தங்கிவிடும்.

தேன்மெழுகு உருக 62 முதல் 64 டிகிரி செல்சியஸ் வேண்டும். கடை வெள்ளை மெழுகுவர்த்திகளில் இருக்கும் பெட்ரோலிய மெழுகான பாரஃபின் பலவும் அதற்குக் கீழேயே உருகிவிடும். எங்கள் வீட்டில் தேன்மெழுகுதான் நிதானமாக எரிகிறது, மே மாத வெயிலிலும் வளைவதில்லை. விலைதான் அதிகம்.

ஒன்று சொல்ல வேண்டும்: மெதுவாக எரிவதெல்லாம் நல்லது என்று நான் நினைக்கவில்லை. 1860இல் இங்கிலாந்தில் ஒளிக்கு அளவு வைத்தபோது, மணிக்கு 120 கிரெய்ன், அதாவது சுமார் 7.8 கிராம் எரியும், திமிங்கிலத்திலிருந்து எடுத்த மெழுகில் செய்த மெழுகுவர்த்தியையே அளவுகோலாக எடுத்தார்கள். ஒளியும் செலவும் சேர்ந்தே போகும். மெல்லிய திரி போட்டு 'நீண்ட நேரம் எரியும்' என்று விற்பவை சில, பிள்ளைகள் படிக்கப் போதாத வெளிச்சமே தந்தன. வெளிச்சத்துக்கு என்றால் பின்னல் திரி போட்ட, நடுத்தரத் தடிமனுள்ள வெள்ளை மெழுகுவர்த்தியையே வாங்குகிறேன். தேன்மெழுகு ஜெப நேரத்துக்கு மட்டும்.