கேபிளை எடுத்துவிடலாமா? படம் நின்றால் யார் வருவார் என்று முதலில் பாருங்கள்

வீட்டில் ஃபைபர் இணையம் ஏற்கெனவே இருக்கிறது, பார்ப்பது சன், விஜய், இரண்டு செய்திச் சேனல், கிரிக்கெட் என்றால், கேபிளை விட்டுவிட்டு இணையம் வழியே நேரலைக்கு மாறுவதே சரி என்பது என் கட்சி. ஆனால் போன் டேட்டாவை ஹாட்ஸ்பாட் போட்டுச் சமாளிக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் வேண்டவே வேண்டாம். எச்டி படம் மணிக்கு 2 முதல் 3 ஜிபி வரை தின்னும். நாளுக்கு 1.5 ஜிபி போன் திட்டம் ஒரு சீரியலோடு முடிந்துவிடும். தினம் ஐந்து மணி நேரம் ஓடும் வீட்டுக்கு மாதம் 375 ஜிபி ஆகும். வீட்டு பிராட்பேண்டுக்கு அது பெரிய சுமை இல்லை.

கட்டணக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய முறை வந்தபோது 100 சேனலுக்கு அடிப்படைக் கட்டணம் அதிகபட்சம் 130 ரூபாய், வரியோடு 153.40. அடுத்த ஆண்டு அதே 130க்கு 200 சேனல் என்றானது. 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பையே எடுத்துவிட்டார்கள். இதற்கு மேல் கட்டணச் சேனல்களின் விலை தனி. இரண்டாவது டிவிக்குத் தனி பாக்ஸ், அதற்கும் மாதக் கட்டணம். ஆக, பணத்தில் பெரிய லாபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இணையத்துக்கு எப்படியும் பணம் கட்டுகிற வீட்டுக்குத்தான் லாபம்.

ஸ்ட்ரீமிங் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்குகள் விற்கின்றன. ஒன்று, ஆப் ஆப்பாகச் சேர்ப்பது. சன் குழுமச் சேனல்களுக்கு சன் நெக்ஸ்ட், விஜய் சீரியல்களுக்கும் ஐபிஎல்லுக்கும் ஜியோஹாட்ஸ்டார், தூர்தர்ஷனுக்கு பிரசார் பாரதியின் வேவ்ஸ். புதிய தலைமுறை, தந்தி, பாலிமர் போன்ற செய்திச் சேனல்கள் யூடியூபிலேயே இலவசமாக நேரலையில் ஓடுகின்றன. மற்றொன்று, இணையம் கொடுக்கும் கம்பெனியே சேனல்களையும் சேர்த்துக் கொடுப்பது. பிஎஸ்என்எல் 2024 இறுதியில் தமிழ்நாட்டில் இதைத் தொடங்கியது. ஏர்டெல் 2025ல் வந்தது. ஜியோ தன் பாக்ஸில் தருகிறது. நான் இரண்டாவதன் பக்கம். காரணம் சேனல் எண்ணிக்கை அல்ல, பழுது.

கேபிளில் படம் கட்டம் கட்டமாக உடைந்தால் ஒரே எண்தான், கேபிள்காரர். அவர் பையன் ஏணியோடு வந்து, மாடியில் மழைத்தண்ணீர் புகுந்த கனெக்டரை வெட்டி, ஓரங்குலம் தள்ளிப் புதிதாகப் போட்டால் படம் வந்துவிடும். திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் உப்புக்காற்றில் அந்த கனெக்டர் சீக்கிரமே துருப்பிடிக்கும். வேலை பத்து நிமிடம், ஆனால் ஆள் வர வேண்டும். ஆப்பில் படம் நின்றால், ஆப் கம்பெனி இணையத்தைக் கைகாட்டும், இணையக் கம்பெனி ஆப்பைக் கைகாட்டும். நடுவில் பாட்டி எட்டு மணி சீரியலுக்காக ரிமோட்டோடு உட்கார்ந்திருப்பார். இணையமும் சேனலும் ஒரே கம்பெனியுடையதாக இருந்தால் கைகாட்ட வேறு ஆள் கிடையாது.

அப்படியே ஆனாலும் முதல் ஐந்து நிமிடம் நீங்கள்தான் மெக்கானிக். ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் தெருவில் கண்ணாடி இழை அறுந்திருக்கிறது அல்லது பெட்டிக்குப் பின்னால் மடங்கியிருக்கிறது. புகார் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். விளக்கு பச்சையாக இருந்து யூடியூப் ஓடினால் கோளாறு ஆப்பில். செட்டிங்ஸில் அந்த ஆப்புக்குப் போய் கேஷ், அதாவது ஆப் சேர்த்து வைத்த தற்காலிகக் கோப்புகளை அழியுங்கள். 8 ஜிபி நினைவகம் உள்ள டிவிகளில் இடம் நிரம்பி ஆப் திறக்காமலே போவது அடிக்கடி நடக்கும், வேண்டாத ஆப்புகளை நீக்கினால் சரியாகும். கரண்ட் போய் வந்தபின் எந்த ஆப்பும் இணையாவிட்டால் டிவியின் தேதியைப் பாருங்கள். தேதி பின்னுக்குப் போயிருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று ஆப் மறுத்துவிடும்.

இதில் எதுவும் இல்லாமல் படம் நின்று நின்று சுற்றினால், பத்தில் எட்டு தடவை குற்றவாளி வைஃபைதான், இணைய வேகம் அல்ல. எச்டிக்கு நொடிக்கு 8 மெகாபிட் (எம்பிபிஎஸ்) வேகம் போதும். 50 எம்பிபிஎஸ் திட்டத்தை 200 ஆக்கியும் சுற்றல் தீராததற்குக் காரணம் இதுதான். வைஃபை ஓடும் இரண்டு அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத வைஃபை சேனல்கள் 1, 6, 11 என மூன்றே மூன்று. அடுக்குமாடியில் பதினைந்து ரூட்டர்கள் அந்த மூன்றுக்குள் நெருக்கியடிக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் சுத்தம், ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். ரூட்டரிலிருந்து டிவிக்கு கேட்-6 என்ற லேன் ஒயர் ஒன்றை இழுத்துவிடுங்கள், பிரச்சினை அதோடு தீர்ந்தது. டிவியின் லேன் போர்ட் பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்தான் என்றாலும் 4கே படத்துக்கே 25 போதும்.

ஒயர் இழுக்கச் சுவரை உடைக்க வேண்டாம். பழைய கேபிள் ஒயர் போகும் குழாயின் மறுமுனை ரூட்டர் அருகே வந்தால், அந்த ஒயரின் நுனியில் கேட்-6ஐ இறுக்கி டேப் சுற்றி, ஒருவர் மறுபக்கம் மெதுவாக இழுக்க ஒருவர் இந்தப் பக்கம் தள்ளிக் கொடுத்தால் போதும். ஒயர் முனைக்கான ஜாக்கை, ஒயரை இழுத்து முடித்த பிறகே மாட்டுங்கள், முன்பே மாட்டினால் வளைவில் சிக்கும். கரண்ட் ஒயர் போகும் குழாயில் மட்டும் விடவே கூடாது.

கேபிள் இன்னும் ஜெயிக்கும் இடம் கிரிக்கெட். ஆப்பில் படம் சில நொடித் துண்டுகளாக வெட்டப்பட்டு, இரண்டு மூன்று துண்டு சேர்ந்த பிறகே ஓடுகிறது. அதனால் அரை நிமிடம் வரை பின்தங்கும். பக்கத்து வீட்டில் கத்தியபிறகு இங்கே பந்து வீசப்படும். இணையக் கம்பெனி தன் சொந்த வலைக்குள்ளேயே அனுப்பும் ஐபிடிவியில் இந்தப் பின்னடைவு குறைவு.

மின்தடைக்கு, ஃபைபர் பெட்டியின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியரைப் பார்த்து அதற்கேற்ற சின்ன யுபிஎஸ் வாங்குங்கள். பெரும்பாலும் 12 வோல்ட்தான். ஒன்றை இணையம் எடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்: ஃபைபர் உங்கள் வீட்டுக்குள் வருகிறதா, இல்லை மொட்டைமாடி ஸ்விட்சோடு நின்று அங்கிருந்து லேன் ஒயர் வருகிறதா? மாடி ஸ்விட்ச் என்றால் அங்கே கரண்ட் போனதும் உங்கள் யுபிஎஸ்ஸால் பயனில்லை. கேபிள் சிக்னலை வழியில் கூட்டும் ஆம்ப்ளிஃபயருக்கும் இதே கதிதான்.

கேபிள் பாக்ஸை உடனே திருப்பிக் கொடுக்காதீர்கள். ஒரு மாதம் இரண்டும் ஓடட்டும். வீட்டில் பெரியவர்கள் புது ரிமோட்டில் தாங்களாகவே சேனலுக்குப் போகிறார்களா என்று பார்த்துவிட்டு, கேபிள்காரரிடம் பாக்ஸைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.