ஒரே மீன், இரண்டு பெயர், இரண்டு விலை: இணையத்தில் கானாங்கெளுத்தி வாங்குவது குறித்து

சென்னையில் வீட்டு வாசலுக்கு மீன் கொண்டுவந்து தரும் இணையச் சேவை ஒன்றில் கானாங்கெளுத்தியைத் தொடர்ந்து வாங்கி வருகிறேன். வஞ்சிரத்தையும் வவ்வாலையும் வைத்து ஒரு மீன் கடையின் தரத்தை அளக்க முடியாது. விலை உயர்ந்த மீனை எல்லாரும் பொத்திப் பாதுகாத்துத்தான் விற்பார்கள். விரைவில் கெடக்கூடியதும், வஞ்சிரத்தின் விலையில் பாதியைக்கூட எட்டாததுமான கானாங்கெளுத்தியை எப்படி நடத்துகிறார்கள் என்பதுதான் சரியான சோதனை. அந்தச் சோதனையில் இச்சேவை மீனைப் பொறுத்தவரை தேறுகிறது. மீனின் பெயரைப் பொறுத்தவரை தேறவில்லை.

செயலியில் 'கானாங்கெளுத்தி' ஒரு பக்கத்திலும் 'அயிலை' வேறொரு பக்கத்திலும் தனித்தனிப் படங்களுடன் இருக்கின்றன. இரண்டாவதன் விலை சற்றுக் கூடுதல். இரண்டும் ராஸ்ட்ரெல்லிகர் கனகுர்டா என்ற ஒரே இனம்தான். கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் அயிலை, சென்னைப் பேச்சில் கானாங்கத்தை, இலங்கையில் கும்பளா, மங்களூர்ப் பக்கம் பங்குடே என்று கரைக்குக் கரை இதன் பெயர் மாறுகிறது. அறிவியல் பெயரில் உள்ள 'கனகுர்டா'வும் ஒரு கரையின் பெயரே: விசாகப்பட்டினத்து மீன்களைப் பற்றி ஸ்காட்லாந்து மருத்துவர் பேட்ரிக் ரஸ்ஸல் 1803-இல் வெளியிட்ட நூலில் பதிந்த உள்ளூர்ப் பெயரைத்தான் பிறகு பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே இனப்பெயராக ஆக்கினார். ஆகவே பல பெயர்கள் இருப்பதில் குறையொன்றும் இல்லை. அவற்றை ஒரே பக்கத்தில் சேர்த்து எழுதாமல், வாங்குபவர் எந்த ஊர்க்காரர் என்பதைப் பொறுத்து விலை மாறும்படி விட்டிருப்பதுதான் குறை.

தேடல் வசதி இதைவிட மோசம். கானாங்கெளுத்தியின் ஆங்கிலப் பெயரான 'மேக்கரல்' என்று தேடினால் முதலில் வஞ்சிரம் வருகிறது, ஏனெனில் ஆங்கிலத்தில் வஞ்சிரத்தின் பெயரிலும் அச்சொல் உண்டு. 'கெளுத்தி' என்று மட்டும் தேடினால் மீசை வைத்த கெளுத்தி மீன்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. அவற்றுக்கும் கானாங்கெளுத்திக்கும் பெயரின் பின்பாதியைத் தவிர வேறு உறவில்லை. புதிதாகச் சமைக்கத் தொடங்குபவர் இங்கே தடுமாறாமல் இருக்க வாய்ப்பில்லை. முழு மீனாக வாங்கினால் ஐயத்துக்கு இடமில்லை: முதுகில் கருங்கோடுகள், மார்புத் துடுப்பின் கீழ் ஒரு கரும்புள்ளி, வாலுக்கு முன்னால் மேலும் கீழும் ஐந்தைந்து குறுந்துடுப்புகள், வாயைத் திறந்தால் இறகு போலத் தெரியும் செவுள் முட்கள். துண்டு போட்ட பொட்டலத்தில் இவற்றில் பாதிக்கு மேல் மறைந்துவிடும்.

குளிர்ச்சியைக் காப்பதில் இவர்களைப் பாராட்ட வேண்டும். கானாங்கெளுத்தியின் சதையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுதி. மீன் வெயிலில் கிடந்தால் நுண்ணுயிரிகள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. உண்டவருக்கு முகம் சிவத்தல், தடிப்பு, தலைவலி எல்லாம் வரலாம். மீன் சாப்பிட்டால் ஒவ்வாமை என்று சிலர் சொல்வதற்குப் பின்னால் சில நேரம் மீன் இருப்பதில்லை, ஐஸ் போடாத கடை இருக்கிறது. இச்சேவையின் காலை நேரப் பொட்டலங்கள் தொட்டால் விரல் சில்லிடும்படியே வருகின்றன, சதையும் அழுத்தினால் குழி விழாமல் மீள்கிறது. பிற்பகல் நேரத்தைத் தேர்ந்தெடுத்தபோது குளிர்பைகள் இளகிப்போயிருந்தன. கோடையில் அந்த நேரத்தைத் தவிர்ப்பது நல்லது.

வெட்டித் தருவதில் மூன்று வகை வைத்திருக்கிறார்கள். குடலும் செவுளும் நீக்கி, இருபுறமும் கீறி, தலையோடு தரும் முழு மீன்தான் மூன்றிலும் சிறந்தது; கீறல்கள் முள்வரை இறங்கியிருப்பதால் மசாலா நன்றாகப் பிடிக்கிறது. தலையில்லாத முழு மீனும் வறுவலுக்குப் போதும். 'குழம்புத் துண்டு' என்று தருவது வீண். துண்டுகள் மிகச் சிறியவையாக இருப்பதால், புளி கொதிக்கும்போதே உடைந்து முள் வேறு சதை வேறாகப் போகின்றன. கொழுப்பு மிகுந்த வயிற்றுச் சதையையும் சுத்தம் செய்யும் பெயரில் அரிந்து எறிந்துவிடுகிறார்கள். கானாங்கெளுத்திக் குழம்பின் ருசியே அந்த வயிற்றிலும் தலையிலும்தான் இருக்கிறது. வெட்டுவதற்கு முந்தைய எடை, பிந்தைய எடை இரண்டையும் செயலியில் காட்டுவது நேர்மையான வழக்கம். தலையில்லாமல் வாங்குபவர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று கணக்கிட்டு வாங்கலாம்.

உடன் விற்கும் வறுவல் மசாலாவில் சோள மாவும் சாயமும்தான் தூக்கல். இந்த மீனுக்கு மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, சிறிது எலுமிச்சைச் சாறு போதும், அதற்கே எண்ணெய் இருப்பதால் தோசைக்கல்லில் குறைவாக ஊற்றினாலும் ஒட்டாமல் பொரியும். நாகர்கோவில் பக்கத்து முறையில் தேங்காய் அரைத்து, மாங்காய் போட்டு வைக்கும் குழம்புக்கும் இவர்கள் தரும் முழு மீனைப் பயன்படுத்தினேன். இரண்டாக மட்டும் நறுக்கிப் போட்டதில் துண்டு உடையவில்லை, மறுநாள் இன்னும் நன்றாக இருந்தது.

இன்னொரு குறையைச் சொல்லியாக வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாள்களில் சந்தைக்கு வருவது நாட்டுப்படகு மீனாகவோ, மேற்குக் கரை மீனாகவோ, உறைய வைத்ததாகவோ இருக்கலாம். மூன்றும் உண்ணத் தக்கவையே, ஆனால் விலையும் சுவையும் ஒன்றல்ல. செயலியோ ஆண்டு முழுவதும் 'இன்று காலை வந்தது' என்ற ஒரே வரியைக் காட்டுகிறது. எந்த மீன்பிடித் துறைமுகத்திலிருந்து வந்தது என்று கேட்டு எழுதினால் பதில் வருகிறது, அதுவும் மரியாதையாக. அதைப் பொட்டலத்தின் மேலேயே அச்சிட்டால் கேட்கும் வேலை மிச்சம். அளவையும் அவ்வாறே கேட்டுப் பெறுங்கள். கிலோவுக்கு ஆறு முதல் எட்டு மீன் நிற்கும் அளவு வறுவலுக்கும் குழம்புக்கும் பொருந்தும். கேரள அரசு இம்மீனுக்கு 14 சென்டிமீட்டரைக் குறைந்தபட்சப் பிடிப்பு அளவாக வைத்திருக்கிறது. அதை ஒட்டிய பொடி மீன் வந்தால் திருப்பி அனுப்புங்கள், கேள்வி கேட்காமல் பணத்தைத் தருகிறார்கள்.